வடிவு தலையும் கரிப்பொட்டியும்

ஒரு ஊர்ல ஒரு இஸ்திரிப் பொட்டி இருந்துச்சாம். நம்ம வீட்டுல ஒயர் மாட்டுற பொட்டி இல்லடா தங்கம். வயித்துக்குள்ள கரி போட்டு, கனல் ஊதி, ஊதி, அப்புறம் தேய்க்கிற பித்தளைப் பொட்டி. தூக்குனா உன் கனம் இருக்கும். கண்ண மூடிக்கிட்டே கேளு. ம் மட்டும் கொட்டு, போதும்.

அந்தப் பொட்டிக்குச் சொந்தக்காரர் இசக்கி. ஊர்த் துணியெல்லாம் அவர்தான் தேய்ப்பார். அவர் சம்சாரம் பேரு ஆவுடை. ஆவுடைக்குக் கண்ணு தெரியாது. வயித்துல ஏழு மாசம் புள்ள இருக்கும்போது அம்மை போட்டு, ரெண்டு கண்ணும் போயிடுச்சு. புள்ள பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. எல்லாரும் வந்து பாத்தாங்க, பெத்தவளால மட்டும் பாக்க முடியல. வடிவுன்னு பேரு வச்சாங்க.

ம்.

கண்ணுதான் இல்லையே தவிர, ஆவுடைக்குக் கை இருந்துச்சு பாரு, அது என்ன கைங்கற! தேய்ச்ச துணிய அவதான் மடிப்பா. தொட்ட உடனே சொல்லிருவா, "இது வாத்தியார் வேட்டி, இது டாக்டரம்மா சேலை, இது அந்தக் கஞ்சப் பயலோட காலர் கிழிஞ்ச சட்டை"ன்னு. ஒரு நாள் ஒரு துணி மாறுனதில்ல. ஆவுடை கை தப்பாதுன்னு ஊரே சொல்லும்.

அந்த வடிவுக்கு அப்போ பத்து வயசு. அவ தலை இருக்கே, அது ஒரு தனிக்கதை. சுருட்டை சுருட்டையா, பம்முனு, சீப்ப வச்சா டக்குனு பல்லு ஒடியும். சனிக்கிழமை சனிக்கிழமை ஆவுடை எண்ணெய் வச்சு விரலால கோதி விடுவா. சீப்பே எடுக்கமாட்டா. விரலு ஒவ்வொரு சுருளாப் போயிட்டு வரும். அவ்வளவு நேரம் அம்மா என்னத்த தேடுறான்னு வடிவுக்குப் புரியவே புரியாது.

அப்புறம் அந்த வருசம் அம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்துச்சு. பத்து வயசான புள்ளைங்க மொத தடவையா முளைப்பாரி எடுக்கணும். ஓட்டுச் சட்டியில வைக்கோலும் எருவும் போட்டு, பயறு வெதச்சு, இருட்டு ரூம்ல ஒம்பது நாள் தண்ணி தெளிச்சு வளக்கிறது. ஆவுடை வளத்தது ஒரு முழம் நின்னுச்சு. "இருட்டுல நமக்குப் பழக்கமாச்சே"ன்னு சிரிச்சுக்கிட்டா.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கொளத்தங்கரையில புள்ளைங்க வரிசையா நிப்பாங்க. பெத்தவ வந்து தன் கையால தன் புள்ள தலையில சட்டிய ஏத்தணும். வரிசையில நின்னதுலருந்து, முளைப்பாரி கொளத்துல கரையிற வரைக்கும் புள்ளைங்க வாயத் தொறக்கக் கூடாது. ரெண்டு உதட்டுக்கும் நடுவுல ஒரு வேப்பிலை. இலை கீழ விழக்கூடாது, கும்பிட்ட கையும் பிரியக் கூடாது.

கோவில் காரியம் பாக்குற பொன்னம்மா பெரியம்மாவுக்குத்தான் ரோசனை. "ஏளா ஆவுடை, கோவிச்சுக்காத. நீ மாறி வேற புள்ள தலையில ஏத்திட்டா அந்தப் புள்ளைக்குல்லா ஆகாது? உன் நாத்தனார் ஏத்தட்டும்"ன்னாங்க.

ஆவுடை முகம் சுருங்கிப் போச்சு. "பெத்த நாள்லருந்து அந்தப் புள்ள முகத்த நான் பாக்கல பெரியம்மா. இதையும் இன்னொருத்தி கையில குடுக்கவா? எம்புள்ளைய நானே கண்டுபிடிப்பேன். தலையத் தொட்டாப் போதும் எனக்கு."

பெரியம்மா ஒரு கணக்குப் போட்டாங்க. "சரி. நீதான் மொதல்ல ஏத்தணும். வரிசைய மூணு தடவை நடக்கலாம். தலையத்தான் தொடணும். மூணுலயும் தெரியலன்னா சட்டிய நாத்தனார் கையில குடுத்துரணும்."

இந்தப் பேச்சு நடக்கும்போது வடிவு அங்க இல்ல, பாத்துக்கோ. அம்மா கையாலயே கண்டுபிடிக்கப் போறான்னு மட்டும்தான் அவ காதுல விழுந்துச்சு. சட்டையத் தொட்டே ஆளச் சொல்றவளுக்கு என்னைத் தெரியாமப் போகுமான்னு இருந்துட்டா.

ம்.

அவளுக்கு வேற கவலை. அவ அத்தை மவ ஒருத்தி, கோமு. ரெண்டு வயசு மூத்தவ. முடி இடுப்பு வரைக்கும் வழுவழுன்னு விழும். அவ கேட்டா, "ஏட்டி வடிவு, இது என்ன தலையா, தேங்கா உரிச்ச நாரா? உன் தலையில ஏத்துனா எது முளைப்பாரி, எது முடின்னு அம்மனுக்கே தெரியாது!" கூட நின்ன புள்ளைங்க எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சிருச்சு. வடிவும் சிரிச்சா. சிரிச்சுட்டு, வீட்டுக்குப் பின்னாடி கரி மூட்டைக்கு அந்தப் பக்கம் உக்காந்து அழுதா.

அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டா. கொடைக்குள்ள இந்தத் தலைய நேராக்கிப்புடணும்.

மொத நாள் வெளக்கெண்ணெய். அரைக் கரண்டி இல்ல, அரைப்படி! தலையில ஊத்தி, அப்பி, அமுக்கி, துணியால இறுக்கிக் கட்டிட்டுப் படுத்தா. காலையில அவுத்தா, அடடா, மாடு நக்குன கன்னுக்குட்டியாட்டம் படிஞ்சிருக்கு. துள்ளிக்கிட்டு வெளிய போனா. வெயிலு ஏறுச்சு. தெருப் புழுதி அவ்வளவும் தலையில வந்து ஒட்டிக்கிச்சு. அப்போ மெதுவா ஒரு சுருள் எந்திரிச்சுது. அப்புறம் இன்னொண்ணு. மத்தியானத்துக்குள்ள எல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு, புழுதியோட!

ரெண்டாவது, செம்பருத்தி இலை. கல்லுல கசக்கிப் பிழிஞ்சா கொழகொழன்னு வரும் பாரு, அந்தத் தாளி. அத ஈரத் தலையில தேச்சு, சீப்புப் போட்டு வலிக்க வலிக்க இழுத்துச் சீவி, அசையாம உக்காந்தா. இந்தப் பக்கம் திரும்பல, அந்தப் பக்கம் திரும்பல. ஈ மூக்குல உக்காந்துச்சு, அதக்கூட வெரட்டல. ஈரம் இருக்கிற வரைக்கும் தலை தண்ணி ஓடுற மாதிரி இருந்துச்சு. அப்புறம் காஞ்சுது. காஞ்சதும், புஸ்ஸ்ஸ்... முன்ன இருந்ததுக்கு ரெண்டு மடங்கு.

விடிஞ்சா கொடை. கோமுவுக்கே பாவமாப் போச்சு. வந்து பக்கத்துல உக்காந்தா. "நான் சும்மா விளையாட்டுக்குல்ல சொன்னேன்"ன்னா. வடிவு அந்தக் கரிப்பொட்டியவே பாத்துக்கிட்டு இருந்தா.

"கோமு. கசங்கின துணிய எங்கப்பா என்ன பண்ணுவாங்க?"

"கஞ்சி போட்டு, தண்ணி தெளிச்சு, தேய்ப்பாங்க."

"தேய்ச்சா?"

"நேராயிரும்..." கோமுவுக்குப் புரிஞ்சுது. "ஏட்டி! உனக்கென்ன கிறுக்கா?"

வேற வீட்டுப் புள்ளைக்கு அந்த நெனப்பு வருமாடா தங்கம்? இஸ்திரி வீட்டுல பொறந்த புள்ள, சுருக்கமா எதப் பாத்தாலும் பொட்டிதான் ஞாபகம் வரும். ஆனா நீ கேட்டுக்கோ, தலைகிட்ட நெருப்பக் கொண்டு போறது மகா தப்பு. அந்தப் புள்ளைங்க தப்புத்தான் பண்ணுச்சுங்க.

மறுநாள் காலையில ஆவுடை கோவிலுக்குப் போயிட்டா. சட்டி ஏத்துற அம்மாமாரு காலையிலருந்து அங்கதான் இருக்கணும். இசக்கி தேய்ச்ச துணியக் குடுக்கப் போயிட்டார். வடிவு கஞ்சித் தண்ணியில தலைய நனைச்சுக்கிட்டு, தேய்க்கிற பலகையில கன்னத்த வச்சுக் குனிஞ்சா. கோமு முடிய விரிச்சு, பட்டுக்குப் போடுற மாதிரி மேல ஈரத்துணி போட்டு, ரெண்டு கையாலயும் பொட்டியத் தூக்கி வச்சா.

சுர்ர்ர்ர்.

ஆவி குப்புனு எந்திரிச்சுது. வடிவு பல்லக் கடிச்சுக்கிட்டா. தூக்கி வச்சா, சுர்ர்ர். தூக்கி வச்சா, சுர்ர்ர். கடைசியில காதோரம் வரும்போது துணி நழுவிருச்சு. சுருக்! ஒரு கொத்து முடி கருகிப் போச்சு. கோழி வாட்டுன நாத்தம். கோமு பொட்டிய அப்படியே வச்சுட்டு ஓன்னு அழுதா. நல்லவேளை, தோல்ல படல.

ஆனா முடி? கண்ணாடியில பாத்தா வடிவுக்கே நம்ப முடியல. கோடு கிழிச்ச மாதிரி நேரா, மினுமினுன்னு தோளத் தாண்டி விழுகுது. கருகின இடத்த மறைச்சு மல்லியப்பூ வச்சுக்கிட்டா. தெருவுல போறா, யாருமே சிரிக்கல. ஒருத்தி கேட்டா, "இது எந்த ஊருப் புள்ள?" வடிவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

ம்? தூங்கிட்டியா? இல்லையா. சரி.

சாயங்காலம். கொளத்தங்கரை. டும்டும்டும்டும்னு கொட்டு. ஏழு புள்ளைங்க, ஒரே மாதிரி மஞ்சப் பாவாடை, வாயில வேப்பிலை, கும்பிட்ட கை. வடிவு அஞ்சாவதா நின்னா. பெரியம்மா கையத் தூக்குனாங்க, கொட்டு நின்னுச்சு. ஆவுடை இடுப்புல சட்டியோட வந்தா. மொதப் புள்ள தலையத் தொட்டா. இல்ல. ரெண்டாவது. இல்ல. மூணு, நாலு. அஞ்சாவதா வடிவு தலை. அம்மா கை உச்சியில விழுந்துச்சு, வழுக்கிக்கிட்டு எறங்குச்சு.

இல்ல.

கை போயிருச்சு. ஆறு, ஏழு. ஆவுடை நின்னா. "பெரியம்மா, இதுல எம்புள்ள இல்லையே."

"ஏழு புள்ளையும் நிக்குது ஆவுடை. நல்லாப் பாரு."

கூட்டத்துல முணுமுணுன்னு பேச்சு. அப்போதான் பெரியம்மா போட்ட கணக்கு வடிவு காதுல விழுந்துச்சு. பின்னாடி யாரோ சொல்றாங்க, "மூணு தடவைதானாம். தலையத் தொட்டாப் போதும்னு அவளேதான் சொன்னாளாம்." சனிக்கிழமை சனிக்கிழமை அம்மா விரலு தேடுனது என்னன்னு வடிவுக்கு இப்போ புரிஞ்சுது. அம்மான்னு கத்தணும். வாயில இலை.

ரெண்டாவது தடவை. ஆவுடை கை ஒவ்வொரு தலையா மெதுவா வருது. வடிவுகிட்ட வந்ததும் கொஞ்சம் நின்னுச்சு. வடிவு மூச்சப் புடிச்சுக்கிட்டா. அந்தக் கை மெல்ல நீவிக் குடுத்துச்சு.

"பட்டு மாதிரி இருக்கு முடி. யாரு பெத்த மவளோ, நல்லா இரு தாயி."

வாழ்த்திட்டு, அடுத்த புள்ளைகிட்ட போயிட்டா.

எந்த வார்த்தைக்கு அந்தப் புள்ள இத்தனை பாடுபட்டுச்சோ, அந்த வார்த்தைய அம்மா வாயாலயே கேட்டுச்சு. கேட்டதும் கண்ணுலருந்து பொலபொலன்னு கொட்டுச்சு.

வரிசை முடிஞ்சுது. கடைசியில ஆவுடை சட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. சட்டிய வாங்கிக்க நாத்தனார் பக்கத்துல வந்து நின்னுட்டா. அப்போ வடிவு வேப்பிலைய உதட்டுலருந்து உள்ள இழுத்துப் பல்லால கடிச்சா. கசப்பு தொண்டை வரைக்கும் எறங்குச்சு. திரும்பினா. கும்பிட்ட கைய எடுக்கல. தபதபன்னு கொளத்துப் படியில எறங்குனா. "புடிங்க! புள்ள தண்ணிக்குள்ள போகுது!"ன்னு கூட்டம் கத்துது. முழங்கால், இடுப்பு, கழுத்து... முங்கிட்டா.

தேய்ச்ச துணி தண்ணி பட்டா என்னாகும்? ஆங். இஸ்திரி வீட்டுப் புள்ளைக்கா தெரியாது?

ஒரு தடவை முங்குனா, கஞ்சி கரைஞ்சுது. ரெண்டாவது தடவை, பூ மெதந்து போச்சு. மூணாவது தடவை முங்கி எந்திரிச்சு, தலைய ஒரு உதறு உதறுனா. ஒரு சுருள் எந்திரிச்சுது. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் எல்லாம்.

சொட்டச் சொட்ட வந்து அதே எடத்துல நின்னா. வாயில இலை அப்படியே இருக்கு. ஒருத்தி சொன்னா, "இது சாடை காட்டுறதுல்லா? செல்லாது." பெரியம்மா வடிவு வாயப் பாத்தாங்க, கையப் பாத்தாங்க. "இலை விழல. வாயத் தொறக்கல. அவ தலை, அவ நனைச்சா. ஆவுடை, இன்னும் ஒரு தடவை இருக்கு. நட"ன்னாங்க.

ஆவுடை நடந்தா. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

அஞ்சாவது தலையில வச்ச கை உள்ள போச்சு. வெளிய வரல. விரலு சிக்கிக்கிச்சு. ஒரு சுருளு, அடுத்த சுருளு, அடுத்த சுருளு... ஆவுடை மூஞ்சியப் பாக்கணுமே, பொழுது விடிஞ்ச மாதிரி இருந்துச்சு.

"இந்தா இருக்கா"ன்னா. அவ்வளவுதான். சத்தமாக்கூடச் சொல்லல. சட்டியத் தூக்கி மவ தலையில வச்சா. டும்டும்டும்டும்!

ஏத்தும்போது காதோரம் கை பட்டுச்சு. கருகின முடி சொரசொரன்னு நொறுங்குச்சு. ஆவுடை கைய மூக்குகிட்ட கொண்டு போனா. ஒண்ணும் கேக்கல. கேட்டாப் புள்ள இலைய விட்டுருமேன்னு கேக்கல. கொளம் சுத்தி வர்ற வரைக்கும் பக்கத்துலயே நடந்தா.

முளைப்பாரி தண்ணியில கரைஞ்சுது. இலையத் துப்புனா வடிவு. "அம்மா"ன்னா.

"பொட்டியில எத்தனை கரிடி போட்டீங்க?"

"ஒரு கூடைம்மா."

"ஒரு பொண்ணு தலைக்கு ஒரு கூடையா! உங்கப்பா கேட்டா மயக்கம் போட்டுருவாரு."

வடிவு சிரிக்கல. "நீ என்னைத் தெரியலன்னு சொல்லிட்டியே அம்மா. வேற யாரோ மாதிரி வாழ்த்திட்டுப் போயிட்டியே"ன்னு தேம்பித் தேம்பி அழுதா.

ஆவுடை அவளப் பக்கத்துல இழுத்து உக்கார வச்சா. ஈரத் தலைய முந்தானையால தொடச்சா. அப்புறம் சொன்னா, "எல்லாரும் உன் மூஞ்சியப் பாக்குறாங்க. நான் பாக்குற மூஞ்சி இதுதானடி. இதத் தேய்ச்சு அழிச்சுட்டு வந்து நின்னா, நான் உன்னை எங்க போய்த் தேடுவேன்?"

வடிவு குனிஞ்சு தலையக் குடுத்தா. சனிக்கிழமை இல்ல அன்னைக்கு, ஆனாலும் ஆவுடை விரலு ஒவ்வொரு சுருளாப் போச்சு, வந்துச்சு, போச்சு, வந்துச்சு. இருட்டுற வரைக்கும்.

வடிவு தலை காஞ்சுது, கொட்டுச் சத்தம் ஓஞ்சுது, என் கதையும் கரை ஏறிடுச்சு. ம் கொட்டுனது போதும். கைய உள்ள வச்சுக்கோ. தூங்குடா தங்கம்.