ஒரு நூல் தள்ளி

“மேஸ்திரி, நான் பண்ணினதெல்லாம் சரி. கார்தான் கேக்க மாட்டேங்குது” என்றார் சபாநாயகம்.

முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் குன்னூரில் மேஸ்திரி பியூலாவின் கார் பட்டறையில் சீடராகச் சேர்ந்துகொண்டார். பியூலா அவரைவிட இருபத்தாறு வயது இளையவள். அதைப்பற்றி இருவருக்கும் கவலை இல்லை.

கார் அற்புதம் டீச்சருடையது. பழைய ஆட்டோமேட்டிக். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் போனதால் அவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. இந்தக் கார் இல்லையென்றால் பள்ளிக்கூடம் இல்லை. முந்தின நாள் லீவரை, வண்டியை நகரவிடாமல் பூட்டும் ‘பி’யில் (பார்க்கிங்) போட்டு நிறுத்திவிட்டு இறங்கப் போனபோது அது தானாகச் சரிவில் உருண்டது. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்துத் தப்பித்திருக்கிறார்.

சபாநாயகம் காலையிலேயே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். லீவர் ஓரிடத்தில் நின்றது, ‘பி’ என்ற எழுத்து ஒரு நூல் தள்ளி இருந்தது. லீவரை ஒட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கழற்றி நேராக்கி மாட்டினார். கார் மறுபடி உருண்டது.

பியூலா காரைப் பட்டறை வாசல் சரிவில் நிறுத்தச் சொன்னாள். ஒரு ஸ்டூலை எடுத்துவந்து பம்பருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

“‘பி’யில போடுங்க சார்.”

போட்டார்.

“ஹேண்ட்பிரேக்கை விடுங்க.”

எழுத்து நேராகத்தான் இருந்தது. அவருக்குக் கை வரவில்லை.

“எழுத்து ‘பி’ன்னு சொல்லுது மேஸ்திரி” என்றார்.

“யார் சொல்லுது?”

அவருக்கு வெட்கமாகிவிட்டது. இறங்கி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் காருக்கு அடியில் புகுந்தார். வாசலில் காத்திருந்த டீச்சரை உள்ளே உட்கார்ந்து லீவரை அசைக்கச் சொன்னார்.

லீவர் முழுக்கப் போனது, ஒரு நூல் கூடுதலாகவே. அதிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பி பாதியில் நின்றது. கம்பி நுனியில் இருக்கும் சுண்டைக்காய் அளவு நைலான் வளையம், புஷ், தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

புது புஷ் மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. லீவரை அசைக்கச் சொல்லி, அடியில் கிடந்தபடியே நாலு தடவை பார்த்தார்.

பியூலா மறுபடி ஸ்டூலைத் தூக்கினாள். சபாநாயகம் அதை அவள் கையிலிருந்து வாங்கி, பம்பருக்கு முன்னால் போட்டுத் தானே உட்கார்ந்தார். முட்டுக்கல்லை எடுக்கச் சொன்னார்.

“விடுங்க டீச்சர்.”

கார் ஒரு விரற்கடை அசைந்து, நின்றது.

“சார், எழுத்து ஒரு நூல் தள்ளி இருக்கே?” என்றார் டீச்சர் உள்ளிருந்து.

“இருக்கட்டும்” என்றார் சபாநாயகம்.