சீர்க்கப்பல் குழி

புதையல் இல்லாத கடற்கரை எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்துக் கடலிலும் ஒன்று கிடக்கிறது. சீர்க்கப்பல் என்று பெயர்.

ஒரு பெரிய வணிகர் தன் மகளுக்குக் கல்யாணச் சீர் ஏற்றி அனுப்பிய கப்பல். கடலுக்கடியில் இருக்கும் கல்திட்டை ‘பார்’ என்போம். அந்தப் பாருக்கு அப்பால் உள்ள ஆழக்குழியில் அது மூழ்கிவிட்டதாம். எந்த வணிகர், எந்த ஊர் மாப்பிள்ளை என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கப்பலில் என்ன இருந்தது என்பதை மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்போலச் சொல்வார்கள். தேடிப் போனவர்களில் பலர் வெறுங்கையோடு வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

செய்யது கனிக்கு அந்தக் கப்பல் மேல் வெகுநாளாக ஒரு கண். சங்கு குளிக்கிற தொழில் அவருக்கு. கொஞ்ச நாளாகக் காதில் ரத்தம் வர ஆரம்பித்திருந்தது. இந்த மூச்சு இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்ற பயம் வந்துவிட்டது. பயம் வந்த மனிதனுக்குப் புதையல் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

ஒரு நாள் காலை, பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த குடிசைக்குப் போனார். அங்கே அவருடைய குரு அசனா லெப்பை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே வயது. சிறுவயதில் ஒன்றாக நண்டு பிடித்துத் திரிந்தவர்கள். பிறகு லெப்பை எங்கெங்கோ போய், ஓதி, அலைந்து, பேச்சுக் குறைந்தவராகத் திரும்பி வந்தார். அன்றுமுதல் கனிக்கு அவர் பாவா.

"நாளைக்குக் குழியிலே இறங்குறேன் பாவா. எனக்காகத் துஆ கேளுங்க."

லெப்பை கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கயிறு யாரு பிடிக்கிறா? நூகுத் தம்பிதானே?"

நூகுத் தம்பி கனியின் மனைவிக்குத் தம்பி. சங்கு குளிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குளிப்பவன் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவான். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பான். வள்ளத்தில் இருப்பவன் உடனே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பார்கள். தன் சகோதரியின் கழுத்தில் தாலியாகக் கிடக்கும் கருகமணி அறுந்து விழ எவன் சம்மதிப்பான்?

கனி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவன் வரமாட்டேனுட்டான். 'நாளைக்குக் கூடப்பிறந்த ராத்தா முகத்திலே நான் எப்படி முழிப்பேன் மச்சான்'னு கத்துறான். கோழைப் பய."

"அப்புறம்?"

"உதுமான்னு ஒரு வெளியூர் ஆளு. பாதிப் பங்கு பேசியிருக்கேன். நூகு இதெல்லாம் கட்டுக்கதைங்கிறான் பாவா. உதுமானுக்குக் கப்பல் மேலே முழு நம்பிக்கை. அதனாலே கண்ணும் கருத்துமாப் பிடிப்பான்."

லெப்பை எழுந்து கையைக் கழுவினார்.

"கயித்தை எடுத்துக்கிட்டு வா. இன்னைக்கு ஒரு தடவை நான் பிடிக்கிறேன். இறங்கிப் பாரு."

"நீங்களா?" கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குப்புற விழுந்துடாதீங்க பாவா. உங்களைத் தூக்க வேற ஆள் தேடணும்."

இருவரும் வள்ளத்தைத் தள்ளினார்கள். பாருக்கு இந்தப் பக்கமே, வெறும் மணல் கிடக்கும் இடத்துக்குப் போனார்கள். சங்குகூட இல்லாத இடம் அது. போகிற வழியில் லெப்பை துடுப்புப் போட்டபடி கேட்டார்.

"அந்தக் கப்பல்லே அப்படி என்னதான் இருந்துச்சாம்?"

அவ்வளவுதான், கனி ஆரம்பித்துவிட்டார். தங்கச் சங்கிலி போட்ட ஊஞ்சல். பச்சைக்கல் வைத்த விளக்கு. பெண் விளையாடுவதற்கு வெள்ளியில் செய்த பல்லாங்குழி. மூடி திறக்காத அண்டா நிறைய முத்து.

"முத்து எவ்வளவு பெரிசாம்?" என்றார் லெப்பை.

"நெல்லிக்காய் அளவு, பாவா."

லெப்பை தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு வள்ளத்தை நிறுத்தினார்கள். கனி கயிற்றைக் கட்டிக்கொண்டு, காலுக்குக் கீழே கனத்துக்குக் கல்லை வைத்து இறங்கினார்.

அடியில் மணலைத் தொட்டார். மூச்சு தாங்கும்வரை இருந்தார். பிறகு கயிற்றை அசைத்தார். கயிறு மேலே இழுக்கவில்லை. மறுபடி அசைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. தானே உந்தி மேலே வரலாம் என்றால், தொய்ந்து கிடந்த கயிறு காலைச் சுற்றிக்கொண்டது. வாய்க்குள் தண்ணீர் போனது. யா அல்லா, மீராமாள் என்று மனைவியின் பெயர்தான் நெஞ்சில் வந்தது.

அப்புறம்தான் கயிறு இழுத்தது.

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கனி இருமினார். மூக்கில் ரத்தம். குரு என்றும் பார்க்காமல் கத்தினார்.

"கொன்னுட்டீங்களே பாவா! நான் அசைச்சது தெரியலியா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா?"

"பெட்டி ஏதும் கண்ணிலே பட்டிருக்குமோன்னு தோணிச்சு. கயித்துலே கட்டுறியோ என்னமோன்னு கொஞ்சம் பொறுத்தேன்."

"இங்கே ஏது பெட்டி? வெறும் மணலு! உங்களுக்கே தெரியுமே!"

"தெரியும் கனி. இங்கே ஒண்ணும் இல்லேன்னு நல்லாத் தெரியும். எனக்கே அந்த நினைப்பு வந்துடுச்சு."

கனி அப்போதுதான் அவரைப் பார்த்தார். லெப்பை இன்னும் கயிற்றை விடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு இல்லை அது.

கனிக்குக் கோபம் போய்விட்டது. பயம் மட்டும் மிச்சம் இருந்தது. வள்ளத்துக்குள் ஏறி, ஈரத்தோடு குனிந்து உட்கார்ந்தார்.

"நூகு நான் அசைக்கிறவரைக்கும் பொறுக்கவே மாட்டான்" என்றார். "சில நாள் முந்தியே தூக்கிடுவான். ஏன்டா அவசரம், இன்னும் ரெண்டு சங்கு எடுத்திருப்பேனேன்னு திட்டுவேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. லெப்பை தடுக்கவில்லை. தண்ணீர் வள்ளத்தின் பக்கத்தில் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பாருக்கு அப்பால் கறுத்துக் கிடந்த கடலைக் கனி பார்த்தார்.

"இத்தனை பேர் போனாங்களே பாவா. ஒருத்தருக்குக்கூடவா அந்தக் கப்பல் கிடைக்கலே?"

"கிடைச்சிருக்கும் கனி" என்றார் லெப்பை. "கிடைச்சவங்க கயித்தை அசைச்சிருப்பாங்க. மேலே இருந்தவன் கொஞ்சம் பொறுத்திருப்பான்."