மூக்கு நேராக இருந்தது

“அந்த மெஷின்தான் என் பெண்டாட்டியைக் கொன்னுச்சு. கோர்ட்டுல நீங்க வந்து அதைச் சொல்லணும் மேடம்.”

கோதண்டபாணி இப்படிச் சொன்னபோது நசீமா தன் பயிற்சி விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி நிற்கவில்லை.

அவர் அவளைவிடப் பல வருடம் மூத்தவர். ஆனாலும் அவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். நூல் மில்லைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, மகன் வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டு, லைசென்ஸ் வாங்கியவர். பிறகு சொந்தமாக ஒரு சின்ன விமானமும் வாங்கினார்.

போன மாசியில் மனைவி வடிவை அதில் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். கீழே மேகம் மூடியிருந்தது. விமானத்தைத் தானே ஓட்டும் மெஷினை, ஆட்டோபைலட்டை, போட்டார். விமானம் போகவேண்டிய கோட்டைவிட்டு விலகி, கிழக்கே ஒரு மலைச் சரிவில் போய் மோதியது.

அவர் ஒரு கால் ஊனத்தோடு பிழைத்தார். வடிவு பிழைக்கவில்லை.

மெஷினைப் பொருத்திய மெக்கானிக் பாக்கியநாதன்மேல் புகார் கொடுத்தார். பாக்கியநாதனுக்கு வேலை போயிற்று. இப்போது வழக்கு.

“சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். ஏறுங்க,” என்றாள் நசீமா.

“என்னால ஆகாது மேடம். இன்ஜின் சத்தம் கேட்டாலே கை நடுங்குது.”

“கை வேண்டாம். கண்ணு போதும்.”

ஏறினார்.

தரை கீழே போனபோது கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வானம் தெளிந்திருந்தது. நேர் கீழே ரயில் தண்டவாளம் தெற்கே ஓடியது. விமானம் அதன் மேலேயே போனது.

“இந்தத் தண்டவாளந்தான் நம்ம கோடு. கீழே மேகம் இருந்தா இது தெரியாது. அப்போ எதைப் பார்ப்பீங்க?”

“முள்ளை.”

முன்னால் இருந்த வட்டத்தில் ஒரு முள் நடுவில் நின்றது. தரையிலிருந்து வரும் ரேடியோ அலையை வைத்து, விமானம் கோட்டில் இருக்கிறதா, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று காட்டும் முள்.

“இதுலயும் அதே மெஷின்தான். அன்னைக்கு எந்தப் பட்டனை அழுத்துனீங்க?”

அவர் விரலை நீட்டினார். “இதை. விமானத்தோட மூக்கைத் தெற்கே வச்சு இதை அழுத்துனேன்.”

அவள் அதை அழுத்தினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விமானம் தெற்கே பார்த்து, ஆடாமல் அசையாமல் போனது.

“நல்லாத்தானே போகுது,” என்றார்.



கொஞ்ச நேரத்தில் தண்டவாளம் வலப்பக்க ஜன்னலுக்குப் போயிருந்தது. முள் வலது ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

“மூக்கு திரும்பலையே மேடம்?”

“திரும்பலை.”

“அப்புறம் எப்படி விலகுறோம்?”

அவள் கீழே கை காட்டினாள். ஒரு செங்கல் சூளை. அதன் புகை மேலே எழாமல் கிழக்கே படுத்துக் கிடந்தது.

அவர் அந்தப் புகையையே பார்த்தார். 

“மெஷினுக்குக் காத்து தெரியாதா?”

“மூக்கைத் தெற்கே பிடிச்சுக்கோன்னோம். பிடிச்சுக்கிட்டிருக்கு.”

பிறகு அடுத்த பட்டனை அழுத்தினாள். இறக்கை சாய்ந்தது. மூக்கு மேற்கே, காற்றுக்கு எதிராகத் திரும்பியது. முள் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. தண்டவாளமும் மறுபடி காலடிக்கு வந்தது. அதன் பிறகும் மூக்கு முழுதாக நிமிரவில்லை. தண்டவாளத்துக்குச் சற்றே குறுக்காகத் திரும்பியபடியே விமானம் போனது.

“கோணலா போகுதே.”

“கீழ பாருங்க.”

பார்த்தார். தண்டவாளம் இம்மியும் விலகவில்லை.

“இந்தப் பட்டன் முள்ளைப் பார்த்து ஓட்டும்,” என்றாள். “நீங்க அழுத்துனது மூக்கை மட்டுந்தான் பார்க்கும்.”

 மெஷினில் பழுது இல்லை என்று விசாரணை செய்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள் என்று கத்திவிட்டு வந்தவர் அவர்.

“தப்புப் பட்டன்னே இருக்கட்டும்,” என்றாள் நசீமா. “மலை கிட்ட வர்ற வரைக்கும் முள் ஓரத்துலதான் கிடந்திருக்கும். யாருமே பார்க்கலையா?”

இன்ஜின் இரைந்தது. 

“பார்த்தா.”

“யாரு?”

“வடிவு.”

நசீமா அவர் பக்கம் திரும்பவில்லை.

“‘என்னங்க, இந்த முள்ளு ஓரமாவே போகுதே’ன்னா. ரெண்டு தடவை சொன்னா மேடம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘மூக்கு நேராத்தான் இருக்கு. மெஷின் பார்த்துக்கும், நீ காபியை ஊத்து’ன்னேன்.” கண் முள்ளிலேயே இருந்தது. “ஊத்திக்கிட்டு இருந்தா.”

முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழுதார். வடிவு போனதிலிருந்து ஒருவர் முன்னாலும் அழாத மனிதர். நசீமா தேற்றவில்லை. விமானத்தைத் திருப்பவும் இல்லை.

அழுகை அடங்கியதும் மூக்கை உறிஞ்சியபடி சொன்னார்: “கீழ இறங்குனதும் நேரா பாக்கியநாதன் வீட்டுக்குத்தான் போறேன். புகாரை வாபஸ் வாங்குறேன். என்னாலதான்னு கோர்ட்டுல சொல்லிடறேன். அப்பவாவது மனசுக்குள்ள இருக்குற இது அடங்கும் இல்ல?”

அவள் ஆட்டோபைலட்டை அணைத்தாள். அவர் முன்னால் இருந்த கைப்பிடியைக் காட்டினாள்.

“பிடிங்க.”

“மேடம்…”

“பிடிங்க சார்.”

இரண்டு கைகளாலும் பிடித்தார். காற்று தள்ளியது. முள் வலப்பக்கம் ஓடியது. அவரும் வலப்பக்கம் திருப்பினார். அது நடுவைத் தாண்டி இடப்பக்கம் போனது. திருப்பினார். மறுபடி வலப்பக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“நடுவுல நிக்க மாட்டேங்குது மேடம்.”

“நிக்காது சார். திருத்திக்கிட்டேதான் போகணும்.”