கரடி டீச்சரின் ஓவிய வகுப்பு

நாவல் காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்புக்குக் கரடி டீச்சர். பக்கத்து மரத்தடியில் இரண்டாம் வகுப்புக்கு மயில் டீச்சர்.

ஒரு நாள் காலையில் காகம் பறந்து வந்து கத்தியது: "இன்ஸ்பெக்டர் யானை மத்தியானம் வர்றாராம்! பிள்ளைகளின் ஓவியம் இல்லாத வகுப்பை மூடிடுவாராம்!"

கரடி டீச்சர் ஓடிப்போய்த் தன் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்தாள். பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். ஆனால், பாவம், ஒரு கோடுகூட நேராகப் போட வராது!

மயில் டீச்சரோ டவுனிலிருந்து பத்து டப்பா பெயிண்ட் வரவழைத்துத் தானே வரைந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்தால், "கிட்டே வந்தால் கொத்திடுவேன்!" என்று விரட்டினாள்.

"உன் வகுப்புக்கு என்ன பெயிண்ட், கரடி?"

"மஞ்சளைக் கரைப்பேன். நாவற்பழத்தைப் பிழிவேன். தேக்குக் கொழுந்தைக் கசக்கினால் சிவப்பு! வெண்டைக்காயை நறுக்கி, சாயத்தில் தொட்டு வைத்தால் பூ!"

"ஓவியம் வரையப் போறியா, சாம்பார் வைக்கப் போறியா?" என்று மயில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கரடி டீச்சர் காதில் வாங்கவில்லை. காகிதத்துக்குப் பதிலாகப் பூவரச இலைகளைப் பரப்பினாள். மூன்று தொட்டிகளில் மூன்று சாயம் கலக்கினாள்.

"ஆளுக்கொரு வெண்டைக்காய்! மூணு சொன்னதும் அச்சு வைக்கணும். ஒண்ணு... ரெண்டு..."

கறுக்!

"முயலு, வெண்டைக்காய் எங்கேடா?"

"உள்ளே போயிடுச்சு டீச்சர்!"

"ஆட்டுக்குட்டி, இலையெல்லாம் எங்கே?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்!"

கேளுங்கள் கூத்தை! டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்த அதே நேரம், காடே அதிரப் பிளிறல் கேட்டது. பிள்ளைகள் பயந்து சிதறி ஓடின. முயல் மஞ்சள் தொட்டியில் விழுந்தது, ஆட்டுக்குட்டி நாவற்சாற்றில் வழுக்கியது, குரங்குக்குட்டி சிவப்பில் குப்புற விழுந்தது. எழுந்து ஓடிய ஓட்டத்தில் எதிரே இருந்த வெள்ளைப் பாறை முழுக்கக் காலடி!

"போச்சு, என் பிள்ளைகளைப் பிரிச்சிடுவாங்க!" என்று அழுதபடி, பாறையைக் கழுவக் கரடி டீச்சர் குடத்தைத் தூக்கினாள்.

யானை முதலில் மயிலின் படத்தைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. "இதில் நீ வரைஞ்சது எது?" என்று மான்குட்டியிடம் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா. தொட்டா டீச்சர் கொத்துவாங்க!"

மயிலின் கழுத்து சுருங்கிப்போனது. யானை இந்தப் பக்கம் திரும்பியவர், தும்பிக்கையால் கரடியின் குடத்தைப் பிடித்துக்கொண்டார். "நில்லும்மா! இது யார் வேலை?"

"இது என் கால்!"

"இது நான் வழுக்கின இடம்!"

"இது என் வால் ஐயா, வால்!"

யானை வயிறு குலுங்கச் சிரித்தார். "அடேயப்பா! ஒண்ணாம் வகுப்பை எவன் மூடுவான்?"

கரடி டீச்சர் மூன்று குட்டிகளையும் ஒரே அணைப்பில் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். யானையோ மெல்லத் தன் காலை மஞ்சளில் நனைத்தார்.

"தள்ளிக்கோங்கடா, எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க!"

பிள்ளைகளின் ஓவியத்துக்கு விலை உயர்ந்த பெயிண்ட் வேண்டாம், பிள்ளைகளின் கையோ காலோ பட்டால் போதும்.