மாதிரி அட்டவணை

எந்த மாணவனும் சந்தேகம் என்று தன் அறைக் கதவைத் தட்டக்கூடாது. இந்த வைராக்கியத்தோடு ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து லேப் மேனுவல் எழுதினார் விரிவுரையாளர் ஜெரால்டு. இரண்டாம் ஆண்டு சிவில் பிள்ளைகளுக்கு. எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது வரை படம் போட்டிருந்தார். ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் எண்களோடு ஒரு மாதிரி அட்டவணை வேறு. ஊட்டிவிடாத குறைதான்.

நினைத்தபடியே ஒருவரும் வரவில்லை. மனிதருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

கடைசியில் ஒருத்தி வந்தாள், ஆரிஃபா. பீம் என்ற இரும்புச் சட்டத்தில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, சட்டம் எவ்வளவு வளைகிறது என்று டயலில் பார்த்து எழுதும் சோதனை. லேபில் இருப்பது ஒரே பீம், ஒரே டயல். வகுப்பே அட்டவணையை நிரப்பிக் கொடுத்திருக்க, இவள் ரெக்கார்டில் மட்டும் கட்டங்கள் காலியாக இருந்தன.

"முள்ளு நகரவே இல்ல சார்."

"எல்லாருக்கும் நகர்ந்த முள்ளு உனக்கு மட்டும் நகரலையா? யாருக்குக் காது குத்துற?"

முட்டை மார்க் போட்டார். கையெழுத்தும் போடவில்லை. ரெக்கார்டில் கையெழுத்து இல்லாதவரைத் திங்கட்கிழமை செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள், அரியர்தான். அந்தப் பெண் அழக்கூட இல்லை. ரெக்கார்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதுதான் அவரை உறுத்தியது.

துறைத் தலைவர் உலகம்மாள் மேடம் ஒரு காலத்தில் ஜெரால்டுக்கே பாடம் எடுத்தவர். அவரிடம் போய் நின்றார்.

"இவ்வளவு தெளிவா எழுதியும் ஒரு பொண்ணுக்கு மட்டும் ஏன் மேடம் மண்டையில ஏறல?"

மேடம் டீயைக் குடித்து முடித்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"வா, லேபுக்குப் போவோம். நீ செய், நான் எழுதுறேன்."

லேபுக்குள் வந்ததும் ஜெரால்டுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மேடத்தின் முகத்தைப் பார்த்து விளக்கிக்கொண்டே முதல் கல்லைத் தொங்கவிட்டார். பீம் லேசாக வளைந்தது.

"இருபத்தி மூணு."

மேடம் ஒரு தாளில் எழுதினார்.

அடுத்த கல். "நாப்பத்தாறு." அதற்கடுத்த கல். "அறுபத்தொம்பது. பாருங்க மேடம், எவ்வளவு சீரா ஏறுது! இதுல புரியாமப் போக என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல," என்றார் மேடம். "இப்ப முள்ளு எங்கப்பா நிக்குது?"

ஜெரால்டு டயலின் பக்கம் குனிந்தார். அப்போதுதான் முதல்முறையாகக் குனிந்தார்.

முள் பூஜ்யத்தில் நின்றது. விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு கல்லைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். ஊஹும், அசைவேனா என்றது.

"ஐயையோ," என்றார். "பொட்டுல அடிச்ச மாதிரி சொன்னாளே அந்தப் பொண்ணு!"

மேடம் எழுதிய தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

ஜெரால்டு அறைக்கு ஓடினார். ரெக்கார்டை எடுத்து முட்டையை அடித்துவிட்டு முழு மார்க் போட்டார், கையெழுத்தும் போட்டார். கேன்டீன் வாசலில் ஆரிஃபாவைக் கண்டுபிடித்து, அவள் தோழிகள் எல்லாம் பார்க்க, "என் தப்பும்மா" என்று கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"புது டயல் போட்டுருவீங்களா சார்? எனக்கு அந்த ரீடிங் பார்க்கணும்."

துறைக்குத் திரும்பி வரும்போது ஜெரால்டுக்கு வெட்கம் போய்க் கோபம் வந்திருந்தது. வகுப்பின் மற்ற ரெக்கார்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மேடத்தின் மேசையில் போட்டார்.

"இதுங்களைப் பாருங்க மேடம்! ஒண்ணு விடாம இருபத்தி மூணு, நாப்பத்தாறு, அறுபத்தொம்பது. என் மேனுவலைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி! முள்ளே நகராம ரீடிங் எழுதியிருக்குங்கன்னா என்ன நெஞ்சழுத்தம் இருக்கணும்! அத்தனைக்கும் முட்டைதான் போடப்போறேன்."

"தாராளமாப் போடு," என்றார் உலகம்மாள் மேடம்.

ஜெரால்டு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

லேபில் தான் எழுதிய தாளை எடுத்து, மேடம் அந்த அடுக்கின் மேல் வைத்தார்.

"இதுல இருந்து ஆரம்பி."