உள்நாக்கு ஊமையான கதை

அந்தக் காலத்தில் விலங்கும் மனிதனும் ஒரே பாஷைதான் பேசினார்கள். அது போதாதென்று எல்லோருடைய உள்நாக்கும் பேசியது. இன்று தொண்டைக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறதே, அதேதான். நாம் செய்த வேலை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று நம் காதுக்கு மட்டும் சொல்லும். முகஸ்துதி அதற்குத் தெரியாது.

வருஷத்துக்கொரு முறை மழைராசாவுக்குத் தினையில் சர்க்கரைப் பொங்கல் படைப்பார்கள். பிடித்தால் நின்று பெய்வார். பிடிக்காவிட்டால் வந்த வழியே போய்விடுவார். படைப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கக்கூடாது. உள்நாக்கு வாசனை பிடித்துப் பக்குவம் சொல்லும்.

அறுபது வருஷமாகப் பொங்கல் வைத்தவள் ஆமையக்கா. அந்த வருஷம் அவள் தயங்கினாள். "போன தடவை வெல்லம் ஒரு துளி கூடிப்போச்சு. இந்தத் தடவையும் கை தவறிட்டா?"

குடியானவன் வேலாண்டிக்குப் பொறுமை போயிற்று. அவன் விதைத்த தினை காய்ந்துகொண்டிருந்தது. "நகருங்கக்கா, நான் வைக்கிறேன்."

"பொங்கல் வைத்துப் பழக்கமா தம்பி?"

"கஞ்சி வைப்பேன். பொங்கல்னா கெட்டியான கஞ்சி, அவ்வளவுதானே?"

"உனக்குக் கஞ்சியே சுமார்தான்," என்றது அவன் உள்நாக்கு.

அவனுக்குச் சுருக்கென்றது. அடுப்பில் கொதித்த உலைநீரை ஒரு கரண்டி மொண்டு அப்படியே விழுங்கினான். உள்நாக்கு வெந்து, சுருண்டு, ஊமையாயிற்று. தொண்டை எரிந்தாலும் மனசு லேசாகிவிட்டது. தன்னால் ஆகாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

தினை வேகும் முன்பே வெல்லத்தைக் கொட்டினான். அப்புறம் அது எந்த ஜென்மத்தில் வேகும்?

"அடிப்பிடிக்கிற வாசம் வருதே," என்றது வேடிக்கை பார்க்க வந்த மான்.

"அது பக்குவம் ஏறுற வாசம். தெரியாட்டா பேசாதே."

ஆமையக்காவுக்கும் அதே வாசம்தான் அடித்தது. இவ்வளவு அடித்துச் சொல்கிறானே, நம் மூக்குத்தான் சரியில்லையோ என்று நினைத்தாள். இவள் அறுபது வருஷம் சமைத்தவள்!

மழைராசா வந்தார். ஒரு வாய் போட்டார். பல் நறநறத்தது. எழுந்து போய்விட்டார்.

வேலாண்டி சட்டியை வழித்து ஒரு வாய் தின்றான். "அமிர்தம். அவருக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு."

அன்று சாயங்காலம் அவன் தினை வாடித் தலை சாய்ந்தது. மறுநாள் விடிந்ததும் ஆமையக்கா தயங்கித் தயங்கிப் புதுச் சட்டி ஏற்றினாள். மழைராசா திரும்பி வந்து, வழித்துச் சாப்பிட்டு, மூன்று நாள் பெய்தார். வேலாண்டியின் தினையும் நிமிர்ந்தது.

வரப்பில் நனைந்தபடி நின்ற வேலாண்டி மானிடம் சொன்னான்: "பாத்தியா? அன்னிக்கு நான் வச்ச பொங்கலோட ருசி அவருக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கு."

அவனுடைய வெந்துபோன உள்நாக்குதான் பரம்பரையாக நமக்கு வந்தது. பல சட்டி தீய்த்துப் பழகியவர்களுக்கு மட்டும் அது கொஞ்சம் முனகும். ஆமையோ இன்றும் தலையை உள்ளே இழுத்து, தன் உள்நாக்கைக் கேட்டுவிட்டே அடியெடுத்து வைக்கிறது. அன்று முதல்தான், முப்பது வருஷம் சமைத்தவள் "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டுக்கேட்டுப் பரிமாறுகிறாள், வெந்நீர் வைக்கத் தெரிந்தவன் அவளுக்குச் சமையல் சொல்லித்தருகிறான்.