முகம் நீக்காத படம்

மதுரையில் ஒரு நரம்பியல் ஆய்வுக்கூடம். அங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தொன்று. குரு டாக்டர் நாச்சியார். சீடர் குழந்தைவேலு, கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மூளைப் படம் படிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். இரண்டு பேருக்கும் சண்டை இல்லையென்றால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம்.

அவர்கள் ஆராய்ந்தது ஹண்டிங்டன் நோயை. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. வரப் பாதி வாய்ப்பு, வராமலிருக்கப் பாதி. நாற்பது வயதுவாக்கில் கைகால் தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பிக்கும், பிறகு பேச்சும் நினைப்பும் குழறும். அதற்குப் பல வருஷம் முன்பே மூளையின் ஆழத்தில் இரண்டு சிறு இடங்கள் சர்க்கரையை எரிக்கச் சோம்பிவிடும். படத்தில் அவை மங்கலாகத் தெரியும்.

நாச்சியாரின் அம்மா போனது இந்த நோயில்தான். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. தனக்கும் உண்டா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொண்டிருக்கலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

முதல் நாளே அவர் சீடருக்கு ஒரு விதி சொல்லியிருந்தார். படம் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு வரும். ஆனாலும் தலையைப் படமெடுத்தால் மூக்கும் முகவாயும் கூடவே வந்துவிடும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். கணினியில் முதலில் முகத்தை நீக்க வேண்டும், அப்புறம்தான் மூளையைப் பார்க்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை பதினேழாம் எண் வந்தது. குழந்தைவேலு அவசரத்தில் நேரே மூளைக்குப் போய்விட்டார். இரண்டு இடமும் மங்கல். இன்னொரு பக்கமாகப் பார்க்கலாமே என்று படத்தைத் திருப்பினார். கண்மூடிய ஒரு முகம் திரையில் எழுந்தது. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து கோணிப்போன மூக்கு. தினமும் எதிரே உட்கார்ந்து அவரோடு வாதாடும் மூக்கு.

நாச்சியாரும் ஆய்வுக்குத் தன் தலையைக் கொடுத்திருந்தது அதுவரை சீடருக்குத் தெரியாது. மனுஷருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவர் தங்கமாக நடந்துகொண்டார். மேடத்தின் பையை வாங்கித் தூக்கினார். கதவைத் திறந்துவிட்டார். கணக்கில் நாச்சியார் வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டுப் பார்த்தார். அதற்கும் சீடர் தலையாட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் குழந்தைவேலு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"மேடம், பார்த்த ஒண்ணைப் பார்க்காத மாதிரி ஆக்கிக்க ஏதாவது வழி இருக்கா?"

நாச்சியார் பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றினார். டப்பாவைத் திறந்து சர்க்கரை போட்டார். தினமும் இரண்டு கரண்டி, அதற்கே குழந்தைவேலு ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். இன்று மூன்று போட்டார். சீடரைப் பார்த்துக்கொண்டே நாலாவதும் போட்டார்.

குழந்தைவேலு வாயைத் திறக்கவில்லை.

நாச்சியார் கரண்டியைக் கீழே வைத்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காப்பி ஆறியது. பயமாகத்தான் இருந்தது அவருக்கு, அதை மறைக்கவும் இல்லை.

"முகத்தை நீக்க மறந்துட்டீங்களா, சார்?"

"மறந்துட்டேன், மேடம்."

ஒரே ஒரு படத்தை வைத்து யாருக்கும் எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று குழந்தைவேலு தடுமாறித் தடுமாறி ஆரம்பித்தார். நாச்சியார் கையை உயர்த்தி நிறுத்தினார். அதெல்லாம் தான் கற்றுக்கொடுத்த பாடம்தானே என்றார். அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று இனி ஒரு வார்த்தையும் தன்னிடம் சொல்லக் கூடாது என்றார்.

"சொல்ல மாட்டேன். ஆனா நான் இனிமே எப்படி இருக்கணும்?"

"அம்மாவுக்கு வியாதின்னு தெரிஞ்ச நாள்லேருந்து வீட்ல யாருமே அவங்களத் திட்டல. ஆறு வருஷம். எல்லாரும் அவ்வளவு பதமா நடந்துக்கிட்டாங்க. அதுக்குத்தான் அவங்க அழுவாங்க, சார். கை ஆடுறதுக்கு அழல."

சொல்லிவிட்டு டம்ளரை அவர் பக்கம் தள்ளினார்.

குழந்தைவேலு அதைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"நாலு கரண்டி சக்கரை," என்றார். குரல் பாதியில் உடைந்தது. "ஒரு டாக்டர் செய்யற வேலையா இது? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

நாச்சியார் டம்ளரைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் குடித்தார்.

"சத்தம் பத்தல, சார்."